முன்பின் மாற்றுவதற்கு முதல் டயரைப் பாருங்கள்: அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் முறை

மட்டக்களப்பு கல்லடியில் இருந்து மண்முனைப் பாலத்தால் ஏறி, கொக்கட்டிச்சோலை தாண்டி வெல்லாவெளிப் பக்கம் வேலைக்குப் போய் வருகிறவன் நான். சில வருடங்களுக்கு முன் காரை சர்வீசுக்கு விட்ட இடத்தில், "டயர் நாலையும் முன்பின் மாற்றிவிட்டோம்" என்றார்கள். நல்லதுதானே என்று காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். முன் டயர் இரண்டிலும் உள் ஓரம் தேய்ந்திருந்ததை அவர்களும் சொல்லவில்லை, நானும் குனிந்து பார்க்கவில்லை. பின்னால் இருந்து முன்னுக்கு வந்த நல்ல டயர் இரண்டும் அதேமாதிரி உள் ஓரம் தேய்ந்து, ஐந்தாம் மாதம் உள்ளே இருக்கும் நூல் தெரியத் தொடங்கியது. இரண்டு டயரோடு முடிந்திருக்க வேண்டிய செலவு நாலு டயர் ஆயிற்று.

பிழை அலைன்மென்டில், அதாவது சில்லு நிற்கும் கோணத்தில் இருந்தது. டயர் அதைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. மாற்றியதும் அந்த அடையாளம் பின் சில்லுக்குப் போய் மறைந்துவிட்டது. அதனால் முதலில் பாருங்கள், காரணத்தைப் பிடியுங்கள், திருத்துங்கள். டயரை முன்பின் மாற்றுவது அதற்குப் பிறகுதான்.

பார்க்கத் தொடங்கும் முன்

காலையில், கார் ஓடாமல் மூன்று மணித்தியாலமாவது நின்ற பிறகு பாருங்கள். சொந்தமாக ஒரு காற்று கேஜ், வெண்கட்டி ஒரு துண்டு, டோர்ச் உள்ள போன், ஒரு தீக்குச்சி, பாடசாலைப் பிள்ளையின் அடிமட்டம் ஆகியவை போதும். சாரதி ஆசனத்தில் இருந்து முன்னுக்குப் பார்க்கும்போது வருகிற இடது வலதை வைத்து, ஒவ்வொரு டயரிலும் முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்று வெண்கட்டியால் எழுதுங்கள். பிறகு எது எங்கே இருந்தது என்ற குழப்பம் வராது.

முன் டயரின் உள் ஓரத்தைப் பார்க்க ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்துவிட்டு டோர்ச் அடிக்கலாம். பின் டயர் திரும்பாது. அதற்குப் போனை டயருக்குப் பின்னால் நிலத்தோடு பிடித்து ஒரு படம் எடுங்கள். நான் நாலு டயருக்கும் இப்படி எடுத்துத் திகதியோடு வைத்திருக்கிறேன். மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தோடு ஒப்பிடும்போது கண்ணுக்குப் பிடிபடாத தேய்வுகூடத் தெரிகிறது.

ஆழம் பார்க்கத் தீக்குச்சியை வரிப்பள்ளத்துக்குள் நிமிர்த்தி வைத்து, மேல்மட்டத்தில் நகத்தால் அடையாளம் போட்டு, அடிமட்டத்தில் அளவுங்கள். உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். நடுவில் மட்டும் அளந்து "நல்லாயிருக்கு" என்று விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. வரிப்பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் சில இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் அதோடு ஓடக்கூடாது. என்னுடைய கணக்கு இன்னும் இறுக்கமானது. மாரி தொடங்கும் ஒக்டோபருக்கு முன் 3 மி.மீக்குக் கீழே போன டயரைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டுவிடுவேன். வீதியில் தண்ணி நிற்கும்போது அந்தத் தண்ணியை வெளியே தள்ளுவது இந்த வரிப்பள்ளம்தான். அது ஆழம் குறைந்தால் டயர் தண்ணிக்கு மேல் மிதக்கும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் கேட்காது.

இரண்டு ஓரமும் தேய்ந்திருக்கிறது, அல்லது நடு மட்டும் தேய்ந்திருக்கிறது

ஓரம் இரண்டும் தேய்ந்து நடு உயர்ந்து நின்றால், நீண்ட நாள் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்தால் காற்றுக் கூடிவிட்டது. காரணம் பிடிக்க இதைவிட இலேசான அறிகுறி இல்லை. ஆனால் எங்கள் ஊரில் ஆகக்கூடுதலாகக் காண்பதும் இதைத்தான்.

சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று அதில் போட்டிருக்கும். அதுதான் உங்கள் காருக்கான அளவு. டயரின் பக்கச் சுவரில் இருக்கும் பெரிய எண், அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். அதைப் பார்த்து அடிக்கக்கூடாது. பெற்றோல் செட்டில் "எவ்வளவு அடிக்க?" என்று கேட்கும்போது பக்கத்துக் கார்க்காரர் சொன்ன எண்ணைச் சொல்லாமல், ஸ்டிக்கரில் உள்ளதைச் சொல்லுங்கள்.

அடுத்தது சூடு. காற்றின் வெப்பநிலை ஏறக்குறைய 5.5 பாகை செல்சியஸ் கூடினால் டயருக்குள் அழுத்தம் 1 பி.எஸ்.ஐ. (காற்று கேஜ் காட்டும் அலகு) கூடும். ஓடும்போது டயர் தானாகவும் சூடேறும். கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலை மாதத்தில் கல்முனையில் இருந்து மத்தியானம் ஓடிவந்து அளந்தால், காலையில் இருந்ததைவிட 4, 5 பி.எஸ்.ஐ. கூடக் காட்டும். அது இயல்பு. கூடிவிட்டது என்று அந்த நேரம் காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் டயர் குறைவாக இருக்கும். ஓரம் தேய்வது இப்படித்தான் தொடங்குகிறது.

அறுவடைக் காலத்தில் இன்னொரு காரணமும் சேரும். வயலில் இருந்து நெல் மூட்டையைக் காருக்குள் ஏற்றுவது. டயரில் அளவுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். ஜப்பான் வேகன்ஆரில் வழக்கமாக வரும் 155/65 ஆர் 14 டயரில் அது 75எஸ். 75 என்றால் ஒரு டயர் 387 கிலோ தாங்கும் என்று அர்த்தம். காரின் சொந்தப் பாரம், ஆட்கள், மூட்டை எல்லாம் அந்த நாலு டயரில்தான் நிற்கின்றன. பாரம் ஏற்றும்போது பின்னுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று சில ஸ்டிக்கர்களில் தனியாகப் போட்டிருக்கும். இருந்தால் ஏற்றும் முன்பே அந்த அளவுக்கு அடியுங்கள். காற்றுக் குறைந்த டயர் பாரத்தோடு ஓடும்போது பக்கச் சுவர் மடங்கி நிமிர்ந்து உள்ளுக்குள் வெந்துபோகும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது

என் காரைக் கெடுத்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காற்றுக்கும் இதற்கும் பெரும்பாலும் தொடர்பு இல்லை. சில்லு நிற்கும் கோணத்தில்தான் பிழை. இரண்டு கோணம் முக்கியம். ஒன்று டோ: மேலே இருந்து பார்த்தால் இரண்டு சில்லும் நேராக நிற்கின்றனவா, பாதத்தை உள்ளுக்கோ வெளிக்கோ திருப்பி வைத்த மாதிரி நிற்கின்றனவா என்பது. மற்றது கேம்பர்: முன்னால் இருந்து பார்த்தால் சில்லு நிமிர்ந்து நிற்கிறதா, உள்ளுக்கு அல்லது வெளிக்குச் சாய்ந்திருக்கிறதா என்பது.

எது பிழை என்று பிரிக்கக் கை வேண்டும். எனக்கு இதைக் காட்டித் தந்தது ஆரையம்பதிப் பக்கம் உள்ள வயதான மெக்கானிக் ஒருவர். "மனே, கண்ணால பார்த்தாக் காணாது, கையால தடவிப் பாரு" என்று என் கையைப் பிடித்து டயரில் வைத்தார். உள் ஓரத்தில் இருந்து வெளி ஓரத்துக்குத் தடவுங்கள், பிறகு மறுபக்கமாகத் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் வாள்பல் மாதிரிக் கையைப் பிடித்தும் இருந்தால் டோ பிழைத்திருக்கிறது. சில்லு நேராக உருளாமல் வீதியில் பக்கவாட்டில் அராவிக்கொண்டு போயிருக்கிறது. இரண்டு திசையிலும் வழுவழுப்பாக, ஆனால் ஒரு ஓரம் சரிவாகத் தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகப்படுங்கள். தடவும் முன் கம்பி ஏதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், கை கிழியும்.

உடனே வீல் அலைன்மென்டுக்கு ஓடாதீர்கள். சில்லைத் திருப்பும் டை ரொட் எண்டோ, சில்லைத் தாங்கும் கீழ் ஆர்மின் இறப்பர் புஷ்ஷோ ஆடிக்கொண்டிருக்கும்போது அலைன்மென்ட் செய்தால், கடையில் கணினி காட்டும் எண் சரியாக இருக்கும், அடுத்த கிடங்கில் விழுந்ததும் போய்விடும். முதலில் முன் சில்லை ஜக்கில் தூக்கி, மணிக்கூட்டில் 9உம் 3உம் இருக்கும் இடத்தில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். டக்டக்கென்று ஆட்டம் தெரிந்தால் டை ரொட் பக்கம் பார்க்க வேண்டும். பிறகு 12உம் 6உம் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது போல் ஜொயின்ட். அலைன்மென்ட், அவற்றை மாற்றிய பிறகு.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் உள்வீதிகள் பல இன்னும் கிறவல். காப்பெட் வீதியில் இருந்து கிறவலுக்கு இறங்கும் விளிம்பில் வேகம் குறைக்காமல் இறக்குவதே டோவைக் குலைக்கப் போதும். அப்படி ஒரு நல்ல அடி விழுந்த நாளைக் குறித்து வையுங்கள். அடுத்த மாதம் ஓரத்தைத் தடவிப் பார்க்க அது நினைவூட்டும்.

அலை அலையாகத் தேய்ந்திருக்கிறது, ஓடும்போது ஊளைச் சத்தம்

டயரைச் சுற்றித் தடவும்போது மேடும் பள்ளமுமாகக் கையில் தட்டுப்பட்டால், சில்லு வீதியில் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. துள்ளலை அடக்கும் சொக் அப்சோபர் தளர்ந்திருக்கும், சில வேளை பலன்ஸ், அதாவது சில்லைச் சுற்றியுள்ள பாரத்தின் சமநிலை, போயிருக்கும். சொக்கில் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். காரின் அந்த மூலையை அழுத்தி விடுங்கள்; ஒன்றரைத் தடவைக்குள் அடங்க வேண்டும். தொடர்ந்து ஆடினால் சொக் முடிந்துவிட்டது.

இதே ஊளைச் சத்தம் பேரிங் பழுதானாலும் வரும். பிரித்தறிய, வாகனம் இல்லாத நேரான வீதியில் மெதுவாக இடமும் வலமும் ஸ்டியரிங்கை வளைத்துப் பாருங்கள். இடப்பக்கம் திருப்பும்போது பாரம் வலச் சில்லில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கப் பேரிங்கைச் சந்தேகப்படலாம். எப்படித் திருப்பினாலும் சத்தம் மாறாமல், வீதியின் மேற்பரப்பு மாறும்போது மட்டும் மாறினால் அது டயர்ச் சத்தம்.

வேகம் கூடும்போது நடுங்குகிறது

ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன் சில்லு. ஆசனம் நடுங்கினால் பின் சில்லு. பலன்ஸ் செய்யக் காசு கொடுக்கும் முன் றிம்மின் உள்பக்கத்தைக் கழுவுங்கள். மாரி காலத்தில் வயல்வீதியால் போய்வந்த காரில் உள்பக்கம் களி அப்பி, வெயிலில் காய்ந்து கல்லாகியிருக்கும். பலன்ஸுக்கு ஒட்டும் ஈயத்துண்டு 5, 10 கிராம்தான் என்றால் ஒரு கைப்பிடிக் களி என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு இரண்டு தடவை கழுவியதோடு நடுக்கம் நின்றிருக்கிறது.

கழுவியும் நிற்காவிட்டால் பலன்ஸ். அப்படியும் நிற்காவிட்டால் றிம் வளைந்திருக்கிறதா என்று மெஷினில் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் அமத்தும்போது மட்டும் நடுங்கினால் டயரை விட்டுவிட்டு பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள்.

இரவில் வீதியில் மாடு படுத்திருக்கும். சில்லு பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத பழைய காரில் திடீரென்று பிரேக் அடித்தால் சில்லு பூட்டிக்கொண்டு ஒரே இடம் தேய்ந்து தட்டையாகும். பிறகு தப்தப் என்று ஒரு சத்தம் வேகத்தோடு சேர்ந்து கூடும். அந்தத் தேய்வு திரும்ப நிரம்பாது. நாட்கணக்கில் நின்ற காரில் வரும் தட்டை வேறு. அது கொஞ்சத் தூரம் ஓடி டயர் சூடேறியதும் போய்விடும்.

கார் ஒரு பக்கம் இழுக்கிறது

இங்கே வீதியின் நடு உயர்ந்து ஓரம் சரிந்திருக்கும், நாம் ஓடுவது இடப்பக்கம். அதனால் இடப்பக்கம் மெல்லச் சாய்வது பிழையில்லை. மட்டமான, அகன்ற இடத்தில் பார்த்தும் இழுத்தால் வரிசையாகப் பாருங்கள். முதலில் இரண்டு முன் டயரிலும் காற்று ஒரே அளவா. பிறகு கொஞ்சம் ஓடி நிறுத்தி, தொடாமல் ஒவ்வொரு றிம்மருகே உள்ளங்கையைக் காட்டுங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதுவும் இல்லையென்றால் முன் இடது டயரை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். திசைக் குறி உள்ள டயரில் இது கூடாது. இழுப்பு மறுபக்கம் மாறினால் டயரில் பிழை. அதே பக்கமே இழுத்தால் அலைன்மென்ட்.

காற்று மெல்ல மெல்ல இறங்குகிறது

சவர்க்காரத் தண்ணியை நன்றாக நுரைக்காமல் கரைத்து, வீதியில் படும் டயர் முகம், வால்வு, றிம்மும் டயரும் சேரும் விளிம்பு மூன்றிலும் ஊற்றுங்கள். குமிழி எழும்பும் இடம் தெரியும். ஆணி என்றால் பிடுங்காமல் அப்படியே கடைக்குப் போங்கள். டயர் முகத்தில் 6 மி.மீக்குள் உள்ள ஓட்டையைத்தான் ஒட்டலாம். முகமும் பக்கச் சுவரும் சேரும் தோள்பட்டையிலோ பக்கச் சுவரிலோ குத்தியிருந்தால் ஒட்டக்கூடாது, ஒட்டித் தருகிறேன் என்று சொன்னாலும் கேட்காதீர்கள். வால்வில் குமிழி வந்தால் உள்ளே இருக்கும் ஊசியை மாற்றினால் போதும்; மூடியையும் போடுங்கள், கடற்கரை மணல் உள்ளே போவதை அது தடுக்கும்.

நாவலடி, டச்பார் மாதிரிக் கடலோரத்தில் கார் நிறுத்துகிறவர்களுக்கு மூன்றாவது, றிம் விளிம்பில் கசிவதுதான் அதிகம். உப்புக்காற்றில் றிம் விளிம்பு துருப்பிடித்து அல்லது அலோய் றிம்மில் வெள்ளையாகப் பூத்து, டயர் அங்கே ஒட்டி உட்காராது. டயரைக் கழற்றி, அந்த விளிம்பைக் கம்பிப் பிரஷால் சுத்தமாக்கித் திரும்பப் பூட்டச் சொல்லுங்கள். காற்று மட்டும் அடித்து அடித்து ஓடினால் துரு கூடிக்கொண்டே போகும்.

பக்கச் சுவரில் வீக்கம் அல்லது வெடிப்பு

எலுமிச்சம்பழம் அளவில் ஒரு வீக்கம் இருந்தாலும் அந்த டயரில் ஓடாதீர்கள். கிடங்கில் விழுந்த அடியில் உள்ளே நூல் அறுந்து, இறப்பர் மட்டும் காற்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. பின்னுக்குப் போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்ற பேச்சே வேண்டாம். செங்கலடியால் பதுளை வீதியில் ஏறும்போது வெடித்தால் பக்கத்தில் கடையும் இருக்காது.

மெல்லிய மயிர்வெடிப்பு வயதாலும் வெயிலாலும் வரும். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை செய்தது. ஒரு பக்கத்தில் இந்த நாலு எண் இருக்காது; அப்போது மறுபக்கம் பாருங்கள். ஆறு வருடம் கடந்ததை வருடாவருடம் கவனமாகப் பார்க்க வேண்டும். பத்து வருடமானது எவ்வளவு வரிப்பள்ளம் இருந்தாலும் மாற்ற வேண்டியது. பாவித்த டயர் வாங்குகிறவர்கள் பேரம் பேசும் முன் இந்த எண்ணைப் பாருங்கள். ஸ்பேர் சில்லின் எண்ணையும் பாருங்கள். காருடன் வந்ததே இன்னும் கிடக்கும்.

காரணம் தீர்ந்தது, இனி மாற்றலாம்

டயரை முன்பின் மாற்றுவது 8,000 முதல் 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை போதும். முன் சில்லால் இழுக்கும் கார்களில், அதாவது அக்வா, விட்ஸ், ஆல்டோ போன்றவற்றில், முன் டயர் இரண்டும் அதே பக்கம் நேரே பின்னுக்குப் போகும். பின் இரண்டும் குறுக்காக முன்னுக்கு வரும், இடது வலதுக்கும் வலது இடதுக்கும். பின் சில்லால் தள்ளும் வானில் இதன் மறுதலை: பின் இரண்டும் நேரே முன்னுக்கு, முன் இரண்டும் குறுக்காகப் பின்னுக்கு. பக்கச் சுவரில் ரொட்டேஷன் என்று அம்புக்குறி இருந்தால் அந்தந்தப் பக்கத்திலேயே முன்பின் மட்டும் மாற்றுங்கள்.

வீட்டு முற்றத்தில் செய்கிறவர்களுக்கு: எங்கள் கரையோர வளவு மணல். ஜக்குக்குக் கீழே அகலமான தடித்த பலகை வைக்காவிட்டால் தூக்கத் தூக்க அது புதையும், சாயும். சீமெந்துத் தரை இருந்தால் அங்கேயே செய்யுங்கள். தூக்கும் முன் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். நிலத்தில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். பின் சில்லைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக்கை நம்பக்கூடாது. அது பிடிப்பது பின் சில்லைத்தான். ஜக்கில் நிற்கும் காருக்குக் கீழே எந்தக் காரணத்துக்கும் போகாதீர்கள்.

நட்டை முதலில் கையால் பூட்டி, பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாக, நட்சத்திரம் போடும் வரிசையில் இறுக்குங்கள். கடைசி இறுக்கம் சில்லு நிலத்தில் நிற்கும்போது. டொயோட்டாக் கார்களுக்கு 103 நியூட்டன் மீற்றர் வழக்கம், சுசுகி சின்னக் கார்களுக்கு 85. கடையில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கினால், கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ஸ்பானரால் பார்க்கச் சொல்லுங்கள். அளவுக்கு மிஞ்சி இறுக்கிய நட்டு, வழியில் பஞ்சரான நாளில் காருடன் வந்த ஸ்பானருக்குக் கழலாது.

முன்னுக்கும் பின்னுக்கும் ஸ்டிக்கரில் வேறு வேறு எண் இருந்தால், மாற்றியதும் காற்றையும் புதிய இடத்துக்கு ஏற்ப அடிக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இது.

இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் எங்கே போடுவது? பின்னுக்கு. முன் சில்லால் இழுக்கும் காராக இருந்தாலும் பின்னுக்குத்தான். மழை வீதியில் முன் டயர் வழுக்கினால் காலை எடுத்ததும் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பின் டயர் வழுக்கினால் கார் சுற்றும், நம்மில் பலரால் அதை நிறுத்த முடியாது.

மாற்றிய பிறகு புதிதாக ஒரு சத்தம்

வாள்பல் தேய்வு உள்ள டயர் பின்னால் இருந்து முன்னுக்கு வந்தால், அதன் சத்தம் காதுக்குக் கிட்டக் கேட்கும். காரணம் திருத்தியிருந்தால் சில நூறு கிலோமீற்றரில் மெல்ல அடங்கும். புதிதாக இழுப்பு வந்தால் முன்னுக்கு வந்த டயரைச் சந்தேகப்படுங்கள். புதிதாக நடுக்கம் வந்தால் முதலில் றிம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். சில்லு பூட்டும் ஹப்புக்கும் றிம்முக்கும் நடுவில் துருத் துகள் அகப்பட்டாலே போதும். கடக்கடக் என்று தட்டும் சத்தம் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி நட்டுகளைப் பாருங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று ஓடவேண்டாம்.

சத்தம் எதுவும் இல்லாவிட்டாலும் 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு நட்டுகளை இன்னொருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். எனக்கு அது மாற்றிய மறுநாளோ மூன்றாம் நாளோ வரும். வேலைக்குப் புறப்படும் முன், கார் ஆறியிருக்கும்போது, நாலு சில்லுக்கும் ஐந்து நிமிடம்.